ஆவிக் கதைகளும் வாசற்படி ஆணியும்

என் தாயி பவித்ராவுக்கு,

அப்பா இப்போது கதை படிக்கிறேன். நீ நம்ப மாட்டாய். மிளகாய் வத்தல் விலையைத் தவிர பேப்பரில் வேறெதையும் பார்க்காத மனுஷன், மந்திரவாதி, பறக்கும் பாம்பு, பேய், பிசாசு என்று ஒன்று விடாமல் இறங்கிவிட்டேன். மதுரைக் காலேஜுக்குப் போகும்போது காரியாபட்டி வந்தது போனதுகூடத் தெரியாமல் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் படிப்பாயே, அதே கதைகள்தான். போன ஐப்பசியில் அந்தக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, உன் போன் கடை மேசையில் இருக்கிறது. ஆள் வராத நேரத்தில் எடுத்துக்கொள்கிறேன்.

"என்ன அண்ணாச்சி, எந்நேரமும் போனும் கையுமா இருக்கீக?" என்று கேட்கிறார்கள். மார்க்கெட் நிலவரம் பார்க்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் உன் பேச்சை எடுத்தால் உன் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி இதை எழுதுகிறேன். எனக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டும் அல்லவா?

உன்னோடு சண்டை போடவும் நிறைய இருக்கிறது. ஏழு மலை தாண்டிப் போகிற அந்த வீரர்கள் சோற்றுக்கு என்ன செய்கிறார்கள்? ஒருவன் தோளிலும் அரிசிப் பை இல்லை. அத்தனை பெரிய பறக்கும் பாம்புக்கு யார் தீனி போடுகிறார்கள்? மளிகைக் கடைக்காரனுக்கு இதெல்லாம் இடிக்காதா? நீ இருந்தால், "யப்பா, கதைல போயி கணக்குப் பாக்காதீக" என்று தலையில் அடித்துக்கொள்வாய். உன் அக்காவுக்கு நான் அப்பா, உனக்குத்தான் யப்பா.

ரத்தம் குடிக்கிறவனுக்குப் பூண்டு ஆகாதாம். ஆவி உப்பைத் தாண்டாதாம். முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் நிமிர்ந்து பார்த்தால், கடைக்குள் பூண்டு மூடை, கடை வாசலில் உப்பு மூடை. நம் கடை பிறந்த நாளிலிருந்து உப்பு மூடை வாசலில்தான் கிடக்கிறது. மறுநாள் அதை இழுத்துப் பின்கட்டில் போட்டேன். "உப்பு எங்க அண்ணாச்சி?" என்றவர்களிடம் மழை வரும்போல இருக்கிறது என்றேன். வைகாசி வெயிலில், திருச்சுழியில்! ஒருவர் ரோட்டில் இறங்கி வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, என்னையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

எத்தனை கதை படித்தாலும் ஒன்று மட்டும் மாறவில்லை, தாயி. எழுதுகிறவர்கள் எவரும் செத்தவரைச் சும்மா விடுவதில்லை. எப்படியாவது கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஆனால் வீட்டில் இருக்கிறவர்கள் வழி விட வேண்டும். அதைப் படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன். நாங்கள் வழியை அடைத்து வைத்திருந்தோம்.

உன் அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அவள் வந்த வாரமே பாலவனத்தத்திலிருந்து உன் அத்தை, உடுக்கடித்துக் குறி சொல்லிப் பேய் ஓட்டுகிற ஒரு கோடாங்கியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "அண்ணே, கன்னி கழியாமப் போன புள்ள வீட்டத்தான் சுத்தும். வயித்துப்புள்ளக்காரி இருக்குற எடம். ஒரு காவல் போட்ருவோம்" என்றாள். கோடாங்கி மந்திரித்த இரும்பு ஆணியை மஞ்சள் தடவி நம் வீட்டு வாசற்படியில் அடித்தார். உன் அம்மாதான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாருக்குக் காவல், யாரிடமிருந்து காவல்? நான் தூக்கி வளர்த்த பிள்ளையிடமிருந்து எனக்கு என்ன காவல்? கேட்கத்தான் நினைத்தேன். உன் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

அன்றிலிருந்து நீ ஏன் வரவில்லை என்று நான் யோசிப்பதை விட்டுவிட்டேன். ஆணி இருக்கிறது, அதனால் வரவில்லை. நீ வாசல்வரை வந்து திரும்பிப் போகிறாய் என்று நினைத்துக்கொள்வேன். அதில் வேதனை உண்டு. ஆனால் கொஞ்சம் சோறும் இறங்கியது.

போன வாரம் அக்காவை அருப்புக்கோட்டைக்குச் செக்கப்புக்குக் கூட்டிக்கொண்டு அம்மா போயிருந்தாள். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுக் குறடு எடுத்துக்கொண்டு வாசற்படியில் குனிந்தேன். வெளிச்சம் போதாதோ என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் பார்த்தேன். ஆணி இல்லை. அது இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

விரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்தபோதே அவர்கள் வந்துவிட்டார்கள். அக்கா களைத்துப்போய் உள்ளே சென்று படுத்துவிட்டாள். அம்மா குறடைப் பார்த்தாள்.

"என்னத்தத் தேடுறீக?"

ஓட்டையிலிருந்து விரலை எடுத்தேன்.

"கோடாங்கி பஸ்ஸு ஏறியிருக்க மாட்டாரு. அப்பவே புடுங்கிக் கெணத்துல எறிஞ்சிட்டேன். ராத்திரி கதவுக்குத் தாப்பாகூடப் போடுறதில்ல." படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவ வரலங்க. ஒரு நா கூட வரல."

அவ்வளவுதான், தாயி. இத்தனை நாளும் வாசல் திறந்துதான் கிடந்திருக்கிறது. கதவைத் திறந்து போட்டுவிட்டு அவள் ஒருத்தியாகக் காத்திருந்திருக்கிறாள். நீ வாசல்வரை வந்து திரும்பவும் இல்லை, வெளியே நிற்கவும் இல்லை. எங்கேயும் இல்லை. எனக்கு இருந்த ஒரே சாக்கும் போய்விட்டது. உப்பு மூடையைப் பழையபடி வாசலில் கொண்டுவந்து போட்டேன். அதன்மேலேயே உட்கார்ந்து அழுதேன்.

கதைகளை இன்னும் படிக்கிறேன். ஆனால் செத்தவர்கள் திரும்பி வருகிற பக்கம் வந்ததும் கோபம் வருகிறது, தள்ளிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறேன்.

இன்னும் சில நாளில் அக்காவுக்குப் பிள்ளை பிறந்துவிடும். உன் அத்தை இப்போதே ஆரம்பித்துவிட்டாள். "பொட்டப்புள்ளயா இருந்தா நம்ம பவித்ராதான். போனவதான் வந்து பொறக்கப்போறா. அந்தப் பேரையே வச்சிருங்க" என்கிறாள். அம்மாவின் கண்ணில் ஆசை தெரிகிறது. என் ஆசையைக் கேட்கவே வேண்டாம். ஒரு தடவை உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பதிலுக்கு ஒரு பிள்ளை திரும்பிப் பார்த்தால் போதும் என்று இருக்கிறது.

ஆனாலும் அந்தப் பெயரை வைக்க விடமாட்டேன். அது உன் அக்கா பிள்ளை, வேறு பிள்ளை. அதன் முகத்தில் உன்னைத் தேட மாட்டேன். நீ வந்துவிட்டாய் என்று யாராவது சொன்னால், என் மகள் செத்துப்போனாள் என்று என் வாயாலேயே சொல்வேன். உனக்கு நான் செய்யக்கூடியது இனி அது ஒன்றுதான். சத்தியம், தாயி.

உன் ஒருத்திக்கு மட்டும் 'யப்பா'வாக இருந்த,
உன் அப்பா