தாங்கியில் தண்ணீர்

நானா,

இன்று காலை உன் குவளையின் மூடியைத் திறந்தேன். கழுவாமல் வைத்திருக்கிறேன், விமானப் பெற்றோலின் மணம் இன்னும் போகவில்லை. ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன் இறக்கைக்கு அடியில் இதை அழுத்தி, தாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் பெற்றோல் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாய். பெற்றோல் இளநீலம். தண்ணீர் கலந்திருந்தால் அது மட்டும் நிறமில்லாமல் அடியில் உருண்டு கிடக்கும்.

லீவில் மருதமுனைக்கு வந்தால் மோட்டார் சைக்கிளுக்கும் அதே சோதனைதான். "டேய் பைலட், சைக்கிள் டயர்லயும் பாரு, காத்துக்குள்ள தண்ணி கிடக்கும்" என்று முன்வீட்டுக்காரர் கத்துவார். சம்மாந்துறைக்கு அரிசி எடுக்கப் போக இவ்வளவு ஆராய்ச்சியா என்று உம்மா ஏசுவா. நீ சிரிப்பாய். "றோட்டுல நிண்டா தள்ளிக்கிட்டுப் போகலாம் உம்மா. மேல நிண்டா எங்க தள்ளுற?"

அப்படிப்பட்ட உன்னை உன் ஜனாஸாவிலேயே மறதிக்காரன் ஆக்கினார் ஒருவர். நீ மெக்கானிக்காக வேலை செய்த பறப்புப் பள்ளியின் முதலாளி. எல்லோரும் கெப்டன் என்பார்கள். உன்னைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்குவதற்கு முன், மௌத்தானவரால் யாருக்காவது தீங்கு நடந்திருந்தால் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மௌலவி வாசலில் நின்று கேட்டார். கெப்டன் முன்னே வந்தார். ஊரே கேட்கும்படி வாப்பாவிடம் சொன்னார்: "அண்டைக்கு மட்டும் பெற்றோலப் பார்க்க மறந்துட்டான், பாவம். நான் மன்னிச்சிட்டன் காக்கா."

வாப்பா அவருடைய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அழுதார். நன்றி சொன்னார். பெண்களோடு ஜன்னலுக்குப் பின்னால் நின்ற என் கையில் போன் இருந்தது. நீ மறக்கவில்லை என்பதற்கான சாட்சி அதற்குள் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

விமானத்தின் பதிவுப் புத்தகத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எஞ்சின் தெரிந்த அளவுக்கு உனக்கு ஆங்கிலம் தெரியாது. எதை எழுதுவதென்றாலும் முதலில் துண்டுக் கடதாசியில் உனக்குத் தெரிந்தபடி எழுதி, படமெடுத்து எனக்கு அனுப்புவாய். நான் திருத்தியபிறகுதான் அது புத்தகத்தில் ஏறும். "வீட்டுல ஒரு பட்டதாரித் தங்கச்சி இரிக்கி, சும்மாவா?" என்பாய். நாலு பேர் முன்னால் கதைக்க நடுங்கும் எனக்கு, எங்கள் குடும்பத்தின் முதல் பட்டத்தால் கிடைத்த ஒரே அதிகாரம் அது.

அன்று காலை கல்முனைக் கந்தோருக்கு வேலைக்கு வெளிக்கிடும்போது உன் படம் வந்தது. இரண்டே வரி. தாங்கியில் தண்ணீர். பறக்காதே.

முதலாளிக்கு இப்படியா கட்டளை போடுவது என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. மாற்றி அனுப்பினேன்: தாங்கியில் சிறிதளவு நீர் காணப்பட்டது; பறப்பதற்கு முன் மேலும் பரிசோதிப்பது விரும்பத்தக்கது.

"மரியாதையாத்தான் இரிக்கி. பறக்க வேணாம் எண்டது எங்க புள்ள?" என்று குரல் அனுப்பினாய்.

"அது அதுக்குள்ளயே இரிக்கி நானா."

புத்தகத்தில் எழுதி, கையெழுத்து வைத்து, அந்தத் தாளையும் படமெடுத்து அனுப்பினாய். மறுகா உன் கடைசிக் குரல்: "விரும்பத்தக்கதுதானே, கட்டாயமில்லயே எண்டு கெப்டன் சிரிக்கிறார். நாலு குவளை எடுத்துட்டன், இன்னமும் தண்ணி வருது. கண்காட்சிக்கு நேரமாச்சாம். அங்க மெக்கானிக் வேணுமாம், ஏறு எண்டு நிக்கிறார். ஏறாட்டி வேல இல்லயாம்."

ஓடுதளத்தைத் தாண்டியதும் எஞ்சின் நின்றது. விமானம் களப்புத் தண்ணீரில் விழுந்தது. விமானி பிழைத்தார், எல்லாம் சரி என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். பதிவுப் புத்தகத்தில் உன் தாள் இல்லை.

நான் ஏன் பேசவில்லை என்று உனக்குச் சொல்ல வேண்டும். கெப்டனுக்குப் பயந்து அல்ல. உன் தாளைக் காட்டினால் அதிலிருக்கும் என் வாக்கியமும் வெளியே வரும். உன் இரண்டு வரியின் பல்லைப் பிடுங்கியவள் நான் என்று வாப்பாவுக்குத் தெரிந்துவிடும். எட்டு மாதம் அந்த வெட்கத்தைக் காப்பாற்றினேன். கூடவே கெப்டனையும்.

பிறகு அவர், விபத்தோடு மூடிய பறப்புப் பள்ளியை மறுபடி திறக்க விமானத் துறையிடம் அனுமதி கேட்டார். ஆட்சேபனை உண்டா என்று எங்களுக்கும் கடிதம் வந்தது. "மன்னிச்ச மனிசன். ஒண்டும் இல்ல எண்டு வடிவா இங்கிலீசுல எழுது மகள்" என்றார் வாப்பா. என்னிடம்தான் சொன்னார். பேனையை வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன், என்னுடையதையும் சேர்த்து. உன் கடைசிக் குரலை இரண்டு தரம் கேட்டார். என்னை ஏசவில்லை. தன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கையாலதானே அவன்ட கையப் புடிச்சன்" என்றார்.

ஆட்சேபனை உண்டு என்று எழுதினேன்; விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், கெப்டனும் வந்திருந்தார். விசாரணை அதிகாரி ஒரு பெண். போனை அவவிடம் நீட்டி, இந்த வாக்கியத்தை மென்மையாக்கியது நான்தான் என்றேன். அவ தலையை ஆட்டினா. "எவ்வளவு மரியாதையாக எழுதினாலும் குறை குறைதான். அது தீர்ந்ததென்று கையெழுத்து விழும்வரை விமானம் தரையை விட்டு எழும்பக்கூடாது. உங்கள் நானாவின் தாள் சட்டப்படி அதை நிறுத்திவிட்டது. அதனால்தான் தாளைக் கிழித்திருக்கிறார்கள்."

எட்டு மாதம், நானா. ஒன்றுமில்லாத ஒரு வெட்கத்துக்காக.

கெப்டன் தண்ணீர்க் கிளாசை எடுத்தார். மேசையெல்லாம் சிந்தியது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது இனித்தது. அன்றைக்கே அனுமதி மறுக்கப்பட்டது. வெளியே வராந்தாவில் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், "தங்கச்சி, அல்லாஹ்வுக்காக என்ன மன்னிச்சிருங்க" என்றார். உன்னை ஊர் கேட்க மன்னித்தவர், தனக்கு மட்டும் காதுக்குள் கேட்டார்.

"மன்னிக்க மாட்டன்" என்றேன். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு தரமும் சொன்னேன்.

மேன்முறையீடு செய்திருக்கிறாராம், நேற்றுக் கடிதம் வந்தது. செய்யட்டும். குவளையைக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். அவர் எத்தனை தரம் கேட்கிறாரோ அத்தனை தரமும் விசாரணைக்குப் போவேன். நீ துண்டுக் கடதாசியில் எழுதியதைத்தான் வாசிப்பேன், ஒரு சொல்லையும் திருத்தாமல்.

தாங்கியில் தண்ணீர். பறக்காதே.