ஒரு சாண் பள்ளம்

19 மே 2024, ஞாயிறு

இன்று ஏழு மாம்பழம் நறுக்கினேன். ஏழிலும் புழு.

வெளியே பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. நல்ல மஞ்சள், காம்போரம் லேசான சிவப்பு, வீடு முழுக்க வாசனை. கத்தி இறங்கியதும் உள்ளே கொழகொழவென்று இருக்கிறது, வெள்ளைப் புழு துள்ளுகிறது. என் மனைவி அகிலாண்டம் தட்டை எட்டத் தள்ளிவிட்டாள். "அடுத்த வருஷமும் இப்படின்னா மரத்த வெட்டிடுங்கோ. அந்த எடத்துல கொடி கட்டித் துணியாவது காயப் போடறேன். காசாலட்டு கடையில கிடைக்கறது" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. மூன்று வருஷமாக அவளும் பார்க்கிறாள்.

வில்லாபுரத்தில் இந்த வீட்டைக் கட்டிய வருஷம் கொல்லையில் நட்ட காசாலட்டு ஒட்டுமாங்கன்று. பதினெட்டு வயது ஆகிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் ஊரார் நிலத்துக்கெல்லாம் பத்திரம் படியெடுத்தவன் நான். எனக்கென்று மண்ணில் இருப்பது இந்த ஒரு மரம். வெட்டுவதாம்!

விழுந்த பழங்களை வழக்கம்போல மரத்தடியிலேயே பள்ளம் தோண்டிப் புதைத்தேன். முதல் பழம் அம்மன் சந்நிதிக்குப் போகிற மரம் இது. அதன் பழம் குப்பை வண்டியில் போகக்கூடாது என்பது நான் வைத்த சட்டம். அழுகினாலும் அது அந்த மரத்துக்கே எரு.

20 மே

காரணம் அகப்பட்டுவிட்டது. பக்கத்து வீட்டுக் கொய்யா.

காலையில் யூடியூபில் பார்த்தேன். மாம்பழத்தில் முட்டை வைக்கிற அதே ஈ கொய்யாவிலும் வைக்குமாம். முத்திருளன் வீட்டுக் கொய்யா காம்பவுண்டு சுவரை ஒட்டித்தான் நிற்கிறது. இரண்டு கிளை என் பக்கம் வேறு. முத்திருளன் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறார். சாயங்காலம் அவர் வந்ததும் போய்ச் சொன்னேன். கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அம்புட்டு பூச்சியும் இம்புட்டுக்கூண்டு மரத்துல இருந்தா சார் வருது?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஏதாவது செய்யாவிட்டால் மாநகராட்சிக்கு மனு எழுத வேண்டியிருக்கும் என்றேன். அவர் மனைவி முத்துத்தாய் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

26 மே, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு ரம்பச் சத்தம். எட்டரைக்குள் கொய்யா இல்லை. முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டை நிற்கிறது.

முத்திருளன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "இனிமே ஒங்களுக்குத் தொந்தரவு இருக்காது சார்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

நான் வெட்டவா சொன்னேன்? மருந்தடிக்கத்தானே... இல்லை, மருந்து என்ற வார்த்தையையே நான் சொல்லவில்லை. மனு என்று மட்டும்தான் சொன்னேன்.

27 மே, திங்கள்

கிண்ணம் வரவில்லை.

திங்கட்கிழமை அவர்கள் வீட்டில் குழிப்பணியாரம். ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் சுவர்மேல் வந்து உட்காரும். அதில் எங்கள் வீட்டுப் பண்டம் ஏதாவது போட்டுத் திருப்பி வைப்போம். பன்னிரண்டு வருஷத்தில் அது ஒருநாளும் வெறுமையாகப் போனதில்லை. போன வாரத்துக் கிண்ணம் இன்னும் எங்கள் அடுக்களையில்தான் இருக்கிறது. அடியில் 'முனீஸ்வரி' என்று பெயர் வெட்டியிருக்கிறது. அவர்கள் பெண்ணின் காதுகுத்துக்கு வந்த கிண்ணம்.

"அந்தக் கொய்யாவ நட்டதே முனீஸ்வரிதான். ஆறாங்கிளாஸ் படிக்கறச்சே ஸ்கூல்ல குடுத்த கன்னு. தெரியுமோ உங்களுக்கு?" என்று அகிலாண்டம் கேட்டாள்.

தெரியாது. தெரிந்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேனா? அதுவும் தெரியவில்லை.

2 ஜூன், ஞாயிறு

கொய்யா போய் ஒரு வாரம். இன்று நறுக்கிய ஐந்திலும் புழு.

பழைய ஈக்களாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

9 ஜூன், ஞாயிறு

ஆரப்பாளையம் போய் பஸ் பிடித்துச் சமயநல்லூரில் ஒரு நர்சரிக்குப் போனேன். கனகா என்று ஒரு பெண் நடத்துகிறாள், முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அதைப் பிட்டுப் பார்த்துவிட்டு, "பழ ஈ சார்" என்றாள். பக்கத்து வீட்டுக் கொய்யாவைப் பற்றி நான் ஒரு கதாகாலட்சேபமே நடத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"விழுகுற பழத்தை என்ன சார் செய்றீங்க?"

பெருமையாகவே சொன்னேன். அம்மன், சந்நிதி, எரு எல்லாம் சொன்னேன்.

"எம்புட்டு ஆழத்துல புதைக்கிறீங்க?"

"ஒரு சாண் இருக்கும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "அந்தப் புழு மண்ணுக்குள்ள போய்த்தான் சார் கூடு கட்டும். பத்து நாள்ல ஈயாகி மேல வந்துரும். நீங்க பிரசவ ஆஸ்பத்திரியில்ல நடத்துறீங்க!"

நம்பவில்லை என்று என் முகம் சொல்லியிருக்க வேண்டும். "நான் சொல்றத நம்ப வேணாம். ஒரு வாளியில அந்த மண்ணையும் ரெண்டு பழத்தையும் போட்டு, மேல கொசுவலைத் துணியக் கட்டி வைங்க. வாளி பொய் சொல்லாதுல்ல?" என்றாள்.

10 ஜூன்

வாளி வைத்தாயிற்று. மாடிப்படிக்குக் கீழே. ஒன்றும் வராது.

21 ஜூன், வெள்ளி

முப்பத்து நான்கு.

வலைத்துணிக்கு அடியில் ஊர்கின்றன. குளவி மாதிரி ஒடுங்கிய இடுப்பு, கண்ணாடி இறக்கை. பார்க்க அழகாக வேறு இருந்து தொலைக்கின்றன. இரண்டு பழமும் இரண்டு கை மண்ணும் போட்ட வாளியிலேயே முப்பத்து நான்கு. வருஷத்துக்கு நூறு பழம் புதைத்திருப்பேன். எத்தனை வருஷமாக?

வாளியைச் சோப்புத் தண்ணீரில் முக்கிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். நான்தான் வளர்த்திருக்கேன். என் கையால, பூஜை பண்ற மாதிரி பள்ளம் தோண்டி, நானே வளர்த்திருக்கேன். அந்தப் பொண்ணு நட்ட மரத்த வெட்ட வச்சிட்டேனே.

22 ஜூன்

அகிலாண்டம் காப்பியைக் கையில் கொடுத்துக்கொண்டே, "போய்ச் சொல்லிடுங்கோ" என்றாள். எதை என்று கேட்கவில்லை நான்.

மரத்தடி மண்ணைக் கொத்திக் கிளறி வெயில் படப் போட்டேன். கூட்டுப்புழுக்கள் கோதுமை மாதிரி கிடக்கின்றன. மைனாக்கள் வந்து பொறுக்கின.

14 ஜூலை, ஞாயிறு

கிண்ணத்தில் தேங்காய்ப் பர்பி போட்டு எடுத்துக்கொண்டு அவர்கள் வாசல் வரை போனேன். முத்திருளன் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். "என்ன சார்?" என்றார். நான், "உங்க தெருக்குழாய்ல தண்ணி வர்றதா?" என்றேன். அவரும் நானும் ஒரே தெரு. ஒரே குழாய். "வருது சார்" என்றார். கிண்ணத்தோடு திரும்பி வந்தேன்.

பர்பியை நானே தின்றேன்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலையில் செடிக்குத் தண்ணீர் விடும்போது சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். கொய்யாக்கட்டை துளிர்த்திருக்கிறது! கட்டையின் ஓரத்தில் மூன்று துளிர், விரல் நீளம், செம்பு நிறம். என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். அதே நிமிஷம் முத்திருளன் யாரிடமோ போனில் பேசுவது காதில் விழுந்தது. "ரெண்டு மூட சிமெண்டு போதும்ணே. அந்தக் கட்டையத் தோண்டி எடுத்துட்டுத் தரைய இழுத்து விட்டுருவோம். வண்டி நிப்பாட்ட எடமாச்சு. வெரசா வாங்க."

கிண்ணமும் இல்லை, சட்டையும் இல்லை. துண்டோடு ஓடினேன்.

"முத்திருளன், கொத்தனாரை வரவேண்டாம்னு சொல்லுங்கோ. பூச்சி உங்க மரத்துலேருந்து வரலே. என் கொல்லையிலேருந்து வந்திருக்கு. நான்தான் புதைச்சுப் புதைச்சு வளர்த்திருக்கேன். எனக்குத் தெரிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. சொல்லத் தைரியமில்லாம இருந்துட்டேன்."

உள்ளேயிருந்து வந்த முத்துத்தாய்தான் பேசினாள். "மரத்த வெட்டுன அன்னைக்கு எம் மக கோயமுத்தூர்ல இருந்து போன் போட்டு அழுதா சார். ஒரு வார்த்த எங்கிட்டக் கேக்கலயேம்மான்னு. நான் அவளுக்கு என்னன்னு சொல்ல?"

"என் பேரைச் சொல்லுங்கோ. நான் பண்ணின தப்புன்னு சொல்லுங்கோ" என்றேன்.

வாசலில் கொத்தனார் வந்து நின்றார். முத்திருளன் அவரிடம் போய், "அண்ணே, இன்னைக்கு வேல இல்லண்ணே" என்றார். அது போதும் எனக்கு.

19 ஆகஸ்ட், திங்கள்

கிண்ணம் இன்னும் எங்கள் வீட்டில்தான். அவர்கள் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் யாரோ துளிரைச் சுற்றி மூன்று செங்கல் வைத்திருக்கிறார்கள்.

26 ஜனவரி 2025, ஞாயிறு

மரம் முழுக்கப் பூங்கொத்து. கூடவே பூவின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சியும், கிளையைத் தொட்டால் அரிசி பொரிவதுபோல் பறக்கிறது. பூ விரிவதற்கு முன்னால் வேப்பெண்ணெயும் சோப்பும் கரைத்து அடித்திருந்தேன். இருந்தும் கை அரிக்கிறது. கடைக்குப் போய்க் கடுமையான மருந்தாக ஒன்று வாங்கி அடித்துவிடலாமா?

கனகாவுக்குப் போன் செய்தேன். "பூ விரிஞ்சிருச்சுல்ல? இனி மருந்தக் கையால தொடாதீங்க. தேனீ செத்தா எங்கிட்டு சார் காய் பிடிக்கும்? கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க" என்றாள்.

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை நான் செய்த தோட்ட வேலைகளில் இதுதான் கஷ்டம்.

23 மார்ச், ஞாயிறு

காய் எலுமிச்சை அளவு. ஈப்பொறி கட்டுகிற நேரமாம். கனகா நான்கு சிறு மரக்கட்டைகள் கொடுத்திருக்கிறாள். அவற்றில் ஊறியிருக்கும் வாசனைக்கு ஆண் ஈக்கள் வந்து விழும். துளசியிலும் அந்த வாசனை உண்டு, கசக்கிச் சிரட்டையில் வைத்தும் சிலர் பிடிப்பார்கள் என்றாள். வீட்டில் வந்து சொன்னேன். "உயிரைக் கொல்லவா துளசி பறிக்கறது? மாடத்துப் பக்கமே வராதேங்கோ" என்றாள் அகிலாண்டம். ஆகவே மரக்கட்டைதான்.

கட்டையைத் தொங்கவிடும் தண்ணீர் பாட்டிலில் ஈ நுழைய ஓட்டை போடத் தெரியாமல் கையைக் கிழித்துக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். "கொடுங்க சார் இங்கிட்டு. கத்தியால குத்துனா கோணிக்கும், கம்பியக் காய்ச்சிப் போடணும்." ஆறு நிமிஷத்தில் நான்கு பாட்டில் திரும்பி வந்தது. அளவெடுத்ததுபோல் ஓட்டை, தொங்கவிடக் கம்பிக் கொக்கி வேறு. ஒன்றை அவரே தம் பக்கத்தில், கொய்யாத்துளிர் அருகில் கட்டிக்கொண்டார். துளிர் இப்போது என் இடுப்பு உயரம்.

நன்றி என்றேன். "இருக்கட்டும் சார்" என்றார். ஏழு மாதத்தில் எங்களுக்குள் இதுதான் நீளமான பேச்சு.

6 ஏப்ரல்

பாட்டில்களில் ஈ கறுப்பாகக் குவிந்திருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் எண்ணியதில்லை.

20 ஏப்ரல், ஞாயிறு

உதிர்ந்த காய்களை இப்போதெல்லாம் கறுப்பு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, ஒரு வாரம் மொட்டை மாடி வெயிலில் போடுகிறேன். மதுரை வெயிலுக்கு எந்தப் புழு தாங்கும்? அதற்குப் பிறகுதான் குழி. என் சட்டத்தை நான் விடவில்லை, குப்பை வண்டிக்குப் போகாது. ஆனால் குழி இரண்டு முழத்துக்கு மேல். கடப்பாரை போட்டது முத்திருளன். "நீங்க சாண் போட்டு அளந்தது போதும் சார், தள்ளுங்க" என்றார்.

18 மே, ஞாயிறு

முதல் பழம் காலையிலேயே அம்மன் சந்நிதிக்குப் போய்விட்டது. பதினொரு மணிக்குப் பன்னிரண்டு பழம் நறுக்க உட்கார்ந்தேன். அகிலாண்டம் எதிரே, கையைக் கட்டிக்கொண்டு, தீர்ப்பு எழுத வந்தவள்போல் இருந்தாள்.

முதல் பழம் சுத்தம். இரண்டாவது சுத்தம். ஐந்தாவதற்குப் பிறகு அவளே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். பதினொன்று சுத்தம். பன்னிரண்டாவதில் புழு.

"பதினொண்ணு போறும். கொடிக்கு வேற எடம் பாத்துக்கறேன்" என்று எழுந்து போய், கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுவந்தாள். ஒரு வருஷம் எங்கள் வீட்டில் இருந்த கிண்ணம். துண்டுகளை நிரப்பிச் சுவர்மேல் வைத்தேன். புழு இருந்த பழத்தையும் எடுத்துக்கொண்டேன். மறைக்கக்கூடாது என்று தோன்றியது.

முத்திருளன் வந்து கிண்ணத்தை முத்துத்தாயிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பழத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தை வெகு கனமாக வைத்துக்கொண்டு சொன்னார்:

"இது எங்க கொய்யாவுல இருந்துதான் சார் வந்திருக்கும். மனு எழுதிருங்க."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு முத்துத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தேன். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பினால் மட்டுமல்ல. இதை இங்கே எழுதிவைப்பதில் வெட்கமில்லை.

19 மே, திங்கள்

பணியாரம். சூடாக, ஒன்பது.

3 ஆகஸ்ட், ஞாயிறு

முனீஸ்வரி கோயமுத்தூரிலிருந்து வந்திருக்கிறாள். காலையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "சார், இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். கொய்யா பூத்திருக்கிறது. இரண்டே பூ.

காய் நெல்லிக்காய் அளவு ஆனதும் துணி உறை கட்ட வேண்டும், அப்போதுதான் ஈ அண்டாது. என் பழைய வேட்டியைக் கிழித்து, அகிலாண்டம் மத்தியானமே தைக்க உட்கார்ந்துவிட்டாள். பூ இரண்டுதானே என்றேன். தலை நிமிராமல் தைத்துக்கொண்டேயிருந்தாள்.

பன்னிரண்டு உறை.