வெள்ளிக்கிழமை லீவு எடுக்கும் வேடியப்பன்

வேங்கிக்கால்,
6-12-1982

மேன்மை தங்கிய அண்ணன் சகாதேவன் அவர்களுக்குத் தங்கை ஜோதியம்மாள் வணங்கி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளை காசியும் மகள் சந்திரகலாவும் அண்ணாமலையார் புண்ணியத்தில் சுகம். அங்கே நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். டெல்லியில் குளிர் ஜாஸ்தி என்று ரேடியோவில் சொன்னார்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

சின்ன வயதில் உங்களை வா, போ என்றுதான் கூப்பிட்டேன். இப்போது நீங்கள் என்று எழுதுகிறேன். சர்க்கார் உத்தியோகஸ்தர், அதற்கு மேல் மியூசியத்துக்குத் தானம் கொடுத்த தர்மப் பிரபு. அப்படிப்பட்டவருக்கு வேறு எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

தீபாவளிக்கு நீங்கள் போட்ட கார்டு கிடைத்தது. சந்திரகலாவுக்குத் தை மாதம் கல்யாணம் குறித்ததில் சந்தோஷம் என்று எழுதியிருந்தீர்கள். வருவதைப் பற்றி ஒரு வரி இல்லை. நம் குலசாமி வேடியப்பன் கல்லைப் பற்றிக் கவலைப்படாதே, அடி அண்ணாமலைக் கொல்லையில் வெயிலிலும் மழையிலும் கிடந்தது இப்போது மியூசியத்தில் கூரைக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது, எல்லோரும் ஒரு நாள் போய்ப் பாருங்கள், அறிவு வளரும் என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். போய்ப் பார்த்தோம். எவ்வளவு வளர்ந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆண்டவனைப் பார்க்கப் போகிறோம் என்று வெள்ளிக்கிழமையாகப் பார்த்துக் கிளம்பினோம். தலைக்குக் குளித்து, பூ வைத்து, தேங்காய் பழம் வாங்கிக்கொண்டு போனால் கதவில் பூட்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை என்று பலகை தொங்குகிறது. தீபக் கூட்டம் இன்னும் கலையவில்லை, ஊரே கோயில் வாசலில் இடிபடுகிறது. மலையைச் சுற்றி இருக்கிற அத்தனை சாமிக்கும் அன்றைக்கு வேலை தலைக்கு மேல். நீங்கள் உத்தியோகம் வாங்கிக் கொடுத்த சாமிக்கு மட்டும் லீவு. வாங்கிய தேங்காயை வீட்டுக்குக் கொண்டு வந்து சட்னி அரைத்தேன்.

மறுநாள் திரும்பப் போனோம். சும்மா பார்த்துவிட்டு மட்டும் வருவோம் என்று சொன்னவர் உங்கள் மாப்பிள்ளை. துணிப் பையில் சேவலைப் போட்டு இடுக்கிக்கொண்டு வந்தவரும் அவர்தான். வாசலில் மண்ணாங்கட்டி என்று ஒரு காவல்காரர். நாங்கள் செருப்பை வெளியே விடுவதைப் பார்த்து, ‘போட்டுக்கினே வாங்கம்மா, இது என்னா கோயிலா’ என்று சிரித்தார். ‘உள்ள எங்க சாமி இருக்காரு, நாங்க வெறுங்காலாவே வரோம்’ என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வரும்போது என் செருப்பில் ஒன்று இல்லை.

அந்தக் கட்டடம் உங்களுக்குத் தெரிந்ததுதான், பழைய நெல் மண்டி. ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒரு சங்கம் சேர்த்து, சுண்ணாம்பு அடித்து, ஒரு பக்கம் அறிவியல், ஒரு பக்கம் வரலாறு என்று எழுதிவிட்டார்கள். அறிவியல் பக்கத்தில், பொத்தானை அழுத்தினால் மின்சாரம் ஓடுவது தெரியும் என்று ஒரு பலகை. பொத்தானை அழுத்தாதீர்கள் என்று அதற்குக் கீழே இன்னொன்று. ஏன் என்று கேட்டால், ‘அழுத்துனா ஃபியூஸ் பூடுதும்மா, அப்புறம் சார் ரூம்ல ஃபேன் ஓடாது’ என்கிறார் மண்ணாங்கட்டி. மழை எப்படிப் பெய்கிறது என்று காட்டுகிற தகரத் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இந்த வருஷம் ஏரியிலேயே தண்ணீர் கம்மி, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சந்திர மண்டலம் என்று சுண்ணாம்பில் ஒரு உருண்டை செய்து வைத்திருக்கிறார்கள், அதில் ஒரு பக்கத்தை எலி தின்றுவிட்டது. ‘பள்ளத்தாக்குனு போட்டிருக்கே, அது இதானாம்மா’ என்று சந்திரகலா கேட்டாள்.

ஜாடிக்குள் இரண்டு தலைக் கன்றுக்குட்டி ஒன்று மிதக்கிறது. உங்கள் மாப்பிள்ளை அதை விட்டு நகரவில்லை. அறிவு வளர்கிறதாக்கும் என்று நினைத்தேன். ‘இத எடுத்துக்கினு வந்தப்ப அந்தப் பசு எப்பிடிக் கத்தியிருக்கும்’ என்றார். நம் பக்கத்து ஜனங்கள் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்று சொன்னால் நீங்கள் பட்டிக்காட்டுப் பேச்சு என்று சிரிப்பீர்கள். டெல்லியில் உட்கார்ந்து யோசித்தாலும் இதைவிடப் பொருத்தமான பெயர் உங்களுக்குக் கிடைக்காது.

பறவைகளுக்கு என்று ஒரு அலமாரி. பஞ்சு பிதுங்கிக்கொண்டு, கண் விழுந்து, எல்லாம் ஒரு தினுசாக நிற்கின்றன. ஒரு கண்ணாடிப் பெட்டியில் பறவையே இல்லை. கரையான் தின்றுவிட்டதாம். அட்டை மட்டும் அப்படியே நிற்கிறது. ‘வடக்கிலிருந்து ஆண்டுதோறும் குளிர் காலத்தில் தவறாமல் வரும்’ என்று அழகான எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். சந்திரகலா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். நான் அவளை அடுத்த பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

வரலாற்றுப் பக்கத்தில் காப்பாளர் ராமகிருஷ்ணன் பிரம்போடு வந்து சேர்ந்துகொண்டார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவராம், பிரம்பை விட மனசில்லை போல. நவாப் காலத்து வாள் என்று காட்டினார். துருவில் வாள் எது, உறை எது என்று தெரியவில்லை. அடுத்ததாகக் கண்ணாடிக்குள் படி, உழக்கு, மரக்கால். பண்டைய மக்கள் தானியத்தை இதில்தான் அளந்தார்கள் என்று எனக்குப் பாடம் எடுத்தார். அன்று காலையில்தான் நான் அதே மாதிரி உழக்கில் அரிசி அளந்து உலையில் போட்டுவிட்டு வந்திருந்தேன். என்னையும் கண்ணாடிக்குள் ஏற்றி ஒரு அட்டை எழுதி வைக்கச் சொல்லலாமா என்று நினைத்தேன்.

வேடியப்பன் கடைசியில் இருக்கிறார், உடைந்த நாற்காலிகளைப் போட்டிருக்கிற மூலைக்குப் பக்கத்தில். அண்ணா, எனக்கு அடையாளமே தெரியவில்லை. இரும்பு பிரஷ் வைத்துத் தேய்த்து, அப்பா காலத்து மஞ்சள், தாத்தா காலத்து எண்ணெய் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டார்கள். சாம்பல் நிறத்தில் வெறும் கல்லாக நிற்கிறார். கையில் வில் தெரிகிறது, மார்பில் அம்பு தைத்திருப்பது தெரிகிறது. மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவன் கல் இது என்று ராமகிருஷ்ணன் பிரம்பால் அந்த மார்பைத் தட்டிச் சொன்னார். வீட்டுப் பெரியவரைத் துணியில்லாமல் நடுத்தெருவில் நிறுத்திய மாதிரி எனக்குக் கூசிப் போயிற்று. தலையைத் திருப்பிக்கொண்டேன்.

அப்போதுதான் சந்திரகலா அட்டையைப் படித்தாள். ‘வழிபாடு நின்றுபோன நடுகல். அடி அண்ணாமலை. நன்கொடை: திரு. சகாதேவன், புது டெல்லி.’

வழிபாடு நின்றுபோனதாம். யார் நிறுத்தியது? வேடியப்பனுக்குப் பொங்கல் வைக்க வீட்டின் மூத்த பிள்ளைதான் அடுப்புப் பற்ற வைக்க வேண்டும், கட்டிக் கொடுத்த பெண் கை வைக்கக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். அப்பா போன பிறகு அந்த அடுப்பைப் பற்ற வைக்க வேண்டியவர் நீங்கள். ஒவ்வொரு தையிலும் நான் வேங்கிக்காலிலிருந்து போய், கல்லைச் சுற்றி முள்ளு வெட்டி, அடுப்புக் கூட்டி, பானைக்கு மஞ்சள் கட்டி வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் பானையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். நீங்கள் வராமல் இருந்து நிறுத்தினீர்கள். பிறகு மியூசியக்காரர்கள் கேட்டதும் வழிபாடு எதுவும் இல்லை, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீங்களே எழுதிக் கொடுத்தீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனதே சந்திரகலாவுக்குக் கல்யாண நாள் குறித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இதைவிடக் கேவலமான ஒரு காரியத்தை நம் வம்சத்தில் யாரும் செய்ததில்லை, அதையும் அச்சடித்து மாட்டி வைத்திருக்கிறார்கள்.

அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் முந்தானையில் முடிந்திருந்த கற்பூரத்தை எடுத்து அவர் காலடியில் ஏற்றிவிட்டேன். ராமகிருஷ்ணன், ஜாடியிலெல்லாம் ஸ்பிரிட் இருக்கு, பத்திக்கும் என்று கத்துகிறார். அவர் கத்தலில் மிரண்டு, பைக்குள் இருந்த சேவல் கூவிவிட்டது. சேவலும் காட்சிப் பொருளா என்று யாரோ கேட்டார்கள். வந்திருந்த வெளியூர் ஜனங்கள் வாளையும் கன்றுக்குட்டியையும் விட்டுவிட்டு இங்கே வந்து கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு அம்மாள் விபூதி கேட்கிறாள். மண்ணாங்கட்டி தொப்பியைக் கழற்றிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த மண்டியில் அன்றைக்கு உயிரோடு நடந்த காரியம் அது ஒன்றுதான்.

கற்பூரம் அணைந்த பிறகு ராமகிருஷ்ணன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். கல்லைத் திருப்பித் தரச் சங்கம் சம்மதிக்காது என்றார். நானும் அதைக் கேட்கவில்லை. அந்த அட்டையை எடுங்கள் என்றுதான் கேட்டேன். ‘வழிபாடு இல்லைனு எழுதிக் குடுத்தது உங்க அண்ணன்மா. அவரே நேர்ல வந்து, இருக்குனு சொல்லட்டும். அட்டைய எடுத்துடறேன். ஒரு நாள் கல்ல முற்றத்துக்குக் கொண்டாந்து வெக்கறேன், பொங்கல் வெச்சிக்கங்க’ என்றார். பிரம்புக்காரர் அளவுக்குக்கூட நீங்கள் இறங்கி வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இங்கே பால் பொங்கிவிட்டது, எழுந்து போய் வந்து எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் மரியாதை தெரிந்தவர்கள். ஆனாலும் தாய்மாமன் வருகிறாரா என்று வரும்போதெல்லாம் கேட்கிறார்கள். மாமன் புடவையும் நெற்றியில் கட்டும் பட்டமும் வேடியப்பனுக்குப் படைத்த பிறகுதான் மணமேடைக்கு வர வேண்டும். அத்தை மகள் பச்சையம்மாளுக்கு அப்பா அப்படித்தான் செய்தார். அப்பா பட்டம் கட்டும்போது நீங்கள் தட்டு பிடித்துக்கொண்டு நின்றீர்கள். டெல்லிக்காரர் வராவிட்டால் அவர் பங்காளி முறையில் யாரையாவது நிறுத்திக் கட்டிவிடலாம் என்று உங்கள் மாப்பிள்ளை சொன்னார். சந்திரகலா ஒரே வார்த்தைதான் சொன்னாள். வேற யாரு கட்டுனாலும் நெத்தியக் காட்ட மாட்டேன் என்றாள். சொன்னால் சொன்னதுதான், அவள் உங்கள் மருமகள்.

நீங்கள் ஏன் வருவதில்லை என்பது எனக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்கள். அப்பா போன தந்தி உங்களுக்குத் தாமதமாகக் கிடைத்து, நீங்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உங்கள் மாப்பிள்ளைதான் கொள்ளி வைத்தார். நீங்கள் சுடுகாட்டுச் சாம்பலைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள்கூட வராமல் அப்படியே பஸ் ஏறினீர்கள். ஊர் எதுவோ பேசும் என்று அன்றைக்குப் போனவர்தான். ஊர் அதை எப்போதோ மறந்துவிட்டது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கடை போடவே அதற்கு நேரம் போதவில்லை. அதற்காக உங்களை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அந்த வெட்கத்தை மூட்டை கட்டி, வேடியப்பன் தலையில் ஏற்றி, மியூசியத்துக்கு அனுப்பினீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மியூசியத்துக்கு டெல்லியிலிருந்தே ஒரு லெட்டர் போட்டுவிடலாம் என்று யோசிக்காதீர்கள். உங்கள் லெட்டர் செய்த வேலை போதும். மணியார்டர் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று உட்கார்ந்தாலும் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன்.

பத்திரிகை இந்த வாரம் அச்சுக்குப் போகிறது. தாய்மாமன் திரு. சகாதேவன், புது டெல்லி என்று போடச் சொல்லியிருக்கிறேன். மியூசிய அட்டையில் இருக்கிற அதே பெயர், அதே ஊர். பறவை இல்லாத அந்தக் காலிப் பெட்டியை நான் மறக்கவில்லை. என் மகள் கல்யாணத்தில் உன் பெயர் போட்ட அட்டை மட்டும் நிற்கும்படி செய்துவிடாதே அண்ணா.

அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். அண்ணாமலையார் உங்கள் எல்லோரையும் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். முற்றத்தில் நான் அடுப்புக் கூட்டி வைக்கிறேன். இந்த நெருப்பையாவது நீ வந்து வை.

உன் தங்கை,
ஜோதியம்மாள்