உன் அம்மா கட்டிலை விடாத மதியம்

இன்று காலை மருந்துக்கடையில் ஒருவர் கண்ணில் பச்சைத் துணி கட்டி நின்றிருந்தார். உன் அம்மாவுக்கும் அன்று அதே பச்சைக் கட்டு. பார்த்ததும் என் காதில் உன் குரல் வந்துவிட்டது. நீ எங்களை விட்டுப் போய் ஒரு வருடம்.

அரியாங்குப்பத்தில் உன் டெலிபோன் பூத். ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் கிடைத்தது. முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு வந்தபோது அதன் ஆங்கிலக் கையேட்டை அங்கேதான் விரித்தோம். எனக்கு ஆங்கிலம். உனக்குக் கேள்விகள்.

"அம்மாவுக்குக் கண்ணுல புரை முன்னாடியே இருக்கே. சேர்ப்பாங்களா?"

சேர்ப்பார்கள். நீ மேசையைத் தட்டினாய். சர்க்கரை என்று இலவசக் கண் முகாமில் இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டவர் உன் அம்மா.

பிறகு ஒரு வரி: இருபத்து நான்கு மணி நேரம் மருத்துவமனையில் தங்கினால்தான் காப்பீடு செல்லும். அதோடு கையேட்டை மூடிவிட்டேன். "பாய் எடுத்துக்க" என்றேன்.

கண் அறுவை சிகிச்சை முடிந்த மதியமே செவிலியர் வீட்டுக்குப் போகச் சொன்னார். உன் அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலைலதான் எழுந்துப்பேன். எம்.ஏ. படிச்ச பொண்ணு சொல்லியிருக்குது."

"அடுத்த ஆளு நிக்கிறாங்கம்மா."

"நிக்கட்டும். கண்ணுலதான் கட்டு. கையி நல்லாத்தான் இருக்குது."

செவிலியருக்கும் திட்டம் புதிது. காப்பீடு கைவிட்டால் அந்தச் செலவைத் தாங்க உங்களுக்கு வழியில்லை. என் முகம் எரிந்தது. நீ என் பையிலிருந்து கையேட்டை உருவினாய். நான் நிறுத்திய பக்கத்தைத் தாண்டினாய். வரிவரியாக உன் விரல்.

"ஏய் பட்டதாரி. இ, ஒய், இ. கண்ணுதானேடி?"

கண்தான். அன்றே வீடு திரும்பும் சிகிச்சைகளின் பட்டியல். அவற்றுக்கு அந்த மணிக்கணக்கு இல்லை. உரக்கப் படித்தேன். செவிலியர் வாங்கி மறுபடி படித்தார். ஊன்றுகோல் நழுவ நழுவச் சிரித்தாய்.

"யம்மா, எழுந்துரு. கவர்மெண்டே போகச் சொல்லுது."

"எழுத்துல இருக்குதா?"

"இருக்குது. உன் கண்ணத்தான் மொதல்ல போட்டிருக்காங்க."

கம்பியிலிருந்து ஒவ்வொரு விரலாக விட்டார்.

இப்போது வாரம் ஒருநாள் ரெட்டியார்பாளையத்தில் முதியவர்களுக்குக் கையேடு படித்துச் சொல்கிறேன். 'கிடையாது' என்ற வரி வந்தால் நிறுத்துவதில்லை. பக்கத்தை அவர்கள் பக்கம் திருப்புகிறேன். தெரிந்த சொல் எதையாவது தேடச் சொல்கிறேன். போன வாரம் ஒரு பெரியவர். ஆங்கிலம் அறியாதவர், சின்ன வயதில் பிரெஞ்சுப் பள்ளி. நெடுநேரம் தேடி ஒரு சொல்லின் மேல் விரல் வைத்தார்.

"தியாபெத். பிரெஞ்சுல சர்க்கரை நோய். எனக்கு இருக்குது. படி."

படித்தேன். அவருக்கும் காப்பீடு உண்டு.