சேனாதிபதி வேஷம் எனக்கு வந்த விதம்

3-2-1968
எல்லாம் நான் முன்னாலேயே சொன்னதுதான். சித்திரைத் திருவிழா நாடகத்தில் சேனாதிபதி வேஷம் இந்த நாகப்பனுக்கே என்று போன வருஷமே சொன்னேன். இன்று நாடக வாத்தியார் நரசிம்மன் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். ஐந்தாவது வரை படித்தவனுக்குத் தண்டலத்தில் இதைவிடப் பெரிய பதவி ஏது?

முதலில் அது எல்லப்பனுக்குப் போயிருந்தது. என் தங்கை கிளியம்மாள் புருஷன். குரல் அவனுக்குக் கொஞ்சம் — சரி, என்னைவிட நல்ல குரல். ஆனால் தங்கை முழுகாமல் இருக்கிறாள். இரண்டு கலைந்து இது மூன்றாவது. பிள்ளைத்தாச்சி புருஷன் தேங்காய்கூட உடைக்கக் கூடாது, ராஜாவைக் குத்திக் கொல்லலாமா?

வாத்தியார் சிரித்தார். "யோவ், அது அட்டைக் கத்திய்யா!"

அப்போதுதான் என் வாசலுக்குக் குடுகுடுப்பைக்காரன் வந்ததைச் சொன்னேன். ஏழு முழத் தலைப்பாகை, கண் இரண்டும் நெருப்பு. "மாப்பிள்ள கத்தி எடுத்தா வயித்துக்கு ஆவாது, மாமன் எடுத்தா ஆவும்" என்றான். வாத்தியார் அந்த நிமிஷமே வேஷத்தை என் பேருக்கு மாற்றிவிட்டார்.

9-2-1968
ஒத்திகை. குறத்தி ஒருத்தி "நீ ராஜாவாவாய்" என்றதும், தன்னை வளர்த்த ராஜாவையே தூக்கத்தில் கொல்கிறான் சேனாதிபதி. கிரீடம் ஏறிய பிறகு பாரம் தாங்காமல் அழுகிறான். நான் அழுததில் தெரு நாய் மூன்றும் சேர்ந்து அழுதன.

15-2-1968
கிரீடத்துக்குத் தலையளவு கொடுத்தேன். ராஜ தலையாம்.

22-2-1968
எல்லப்பன் வந்தான். முகம் கறுத்திருந்தது. "நெல்லு உதுருது மச்சான். அருவாள தொட வுட மாட்டேங்கறா. சோறும் துண்றதில்ல."

போய்ப் பார்த்தேன். கிளி சுவரோரம் சாய்ந்திருந்தாள்.

"ணா, முன்ன ரெண்டும் இவரு அறுப்புக்குப் போனதாலதான் போச்சா? அந்தாளு வேற இன்னா சொன்னான்?"

ஒத்திகைக்கு நேரமாச்சு என்று எழுந்து வந்துவிட்டேன்.

23-2-1968
இன்று அந்த வசனம்: "சொன்னவள் குற்றமா, செய்தவன் குற்றமா?" பாதியிலேயே நிறுத்திவிட்டேன். நடிப்பு என்று நினைத்து வாத்தியார் கை தட்டினார். அட போய்யா! இந்த நாடகத்திலயாவது சொன்னது ஒருத்தி, செஞ்சது ஒருத்தன். எனக்கு ரெண்டும் நான்தானே?

24-2-1968
கிளியிடம் ஒன்று சொன்னேன். அகப்பையால் முதுகில் ஒரு போடு போட்டாள். அழுதாள். பிறகு சோறு போட்டாள், தானும் சாப்பிட்டாள்.

25-2-1968
எல்லப்பன் அறுப்புக்குப் போனான். வேஷமும் அவனுக்கே.

21-4-1968
நாடகம். தூங்குகிற ராஜா நான். கத்தியை ஓங்கியவன் குனிந்து, "வலிக்காது மச்சான்" என்றான். நான் செத்த அழகில் பூந்தமல்லி வரை ஜனம் அழுதது. கிளி மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

16-6-1968
பெண் குழந்தை. இரண்டு பேரும் சுகம். நல்ல குணமுள்ளவர்தான் முதலில் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் வைக்க வேண்டும், அந்தக் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். கிளி என்னைக் கூப்பிட்டாள்.

"நீயே வைணா."

"அடியே, என்னை மாதிரி புளுகும்டி!"

"புளுகட்டும். புளுகிட்டு, வந்து சொல்லும் இல்ல."

தொட்டு வைத்தேன். என் விரலைச் சப்பிய வேகத்தில் நகமே கழன்றுவிட்டது.

குடுகுடுப்பைக்காரன் மட்டும் வரவேயில்லை. மற்றதெல்லாம் நிஜம்.