பார்வதி அக்காவுக்கு, காபி மெஷினுக்குப் புதுப் பல் வந்த சேதி

என் பார்வதி அக்காவுக்கு, ருக்குமணி எழுதிக்கொள்வது.

நீ இருந்தவரை உன்னை நீங்கள் என்றுதான் கூப்பிட்டேன். நீ வீட்டுக்கு மூத்த மருமகள், நான் இளையவள், மரியாதை தவறக்கூடாது என்று இருந்தேன். இப்போது நீ என்று எழுதினால்தான் வார்த்தை வருகிறது. கோபித்துக்கொள்ளாதே. இதை யார் எடுத்துப் படித்தாலும் படித்துவிட்டுப் போகட்டும், ஒளித்து வைக்கிற தெம்பெல்லாம் எனக்கு இல்லை.

முதலில் நல்ல சேதி. நம் காபி மெஷினுக்குப் புதுப் பல் வந்துவிட்டது. யுத்தம் முடிந்து பெங்களூரிலிருந்து சாமான் வர ஆரம்பித்ததும், தர்மபுரி இரும்புக்கடை பாய் ஞாபகமாக ஒரு ஜோடி வாங்கி அனுப்பிவிட்டார். காகிதத்தைப் பிரித்து, எண்ணெய்ப் பூச்சோடு கறுப்பாக மின்னிய அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எத்தனை வருஷமாக நீ கேட்டுக்கொண்டிருந்தாய்? உனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.

மெஷின் வாங்கப் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? என் பெரியப்பா மகள் கல்யாணத்துக்குத் தர்மபுரி போயிருந்தோம். அதுவரை கொட்டையை வறுத்து உரலில்தான் இடித்துக்கொண்டிருந்தோம். பாய் கடையில் இரண்டு மெஷின் இருந்தன. ஒன்று மரப்பெட்டி, மேலே பித்தளைக் கிண்ணம், கீழே பொடி விழ ஒரு குட்டி டிராயர். பார்க்க நகைப்பெட்டி மாதிரி இருந்தது, எனக்கு அதன்மேல்தான் கண். மற்றது பலகையில் திருகி மாட்டுகிற கறுப்பு இரும்பு, லட்சணம் என்று ஒன்றும் கிடையாது. நீ இரண்டையும் கவிழ்த்துப் போட்டு உள்ளே விரலை விட்டுப் பல்லைத் தடவிப் பார்த்தாய். பெட்டிக்குள் இருந்தது மெல்லிய பல், ஆறு மாசத்தில் மழுங்கிவிடும், இரும்பு மெஷினில் இருப்பது கனத்த வார்ப்பு என்றாய். பாயே மரப்பெட்டியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். அண்ணன் தம்பி இருவரும் கடைக்கு வெளியே, பெண்டாட்டிகள் பேரம் பேசுவதற்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி, ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். பொம்மிடி வந்து சேரும்வரை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் தெரிந்தது, மெஷின் வாங்குவது பெரிய காரியம் இல்லை, அதோடு குடித்தனம் பண்ணுவதுதான் பெரிய காரியம் என்று. உள்ளே இரண்டு பல். வெளியில் இருப்பது அசையாது, அதற்குள் இருப்பது கைப்பிடியோடு சேர்ந்து சுற்றும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில்தான் காபியின் ருசியே இருக்கிறது. பின்னால் உள்ள திருகை இறுக்கினால் பொடி மாவாக விழும், பில்டரில் தண்ணீர் இறங்காமல் உட்கார்ந்துகொள்ளும், நம் புளி மண்டிக்குப் போகிறவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பார்கள். தளர்த்தினால் குறுணையாக விழும், டிகாக்‌ஷன் கழுநீராக ஓடும். நீ இறுக்குவாய். சுற்றுகிறவள் நான், என் தோள் விட்டுப்போகும், நீ அந்தப் பக்கம் திரும்பியதும் நான் அரைத் திருகு தளர்த்துவேன். நீ வந்து பொடியை விரலில் எடுத்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் மறுபடி இறுக்குவாய். நமக்குள் நடந்த ஒரே சண்டை அதுதான், அதிலும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

பேசாமல் இருப்பதுதான் நம் வீட்டு வழக்கமாயிற்றே. புருஷனுக்கு அண்ணனாகிய மூத்தார் முன்னால் இளைய மருமகள் நிற்கக்கூடாது, முகம் பார்த்துப் பேசக்கூடாது. நான் வந்த நாளிலிருந்து உன் வீட்டுக்காரரோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் நடையில் செருப்பைக் கழற்றினால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். அவருக்கு என்ன வேண்டும் என்பதை நீ வந்து சொல்வாய், நான் கேட்க நினைத்ததை நீ போய்க் கேட்பாய். இன்றைக்குப் பொடி கொரகொரப்பாக இருந்ததாம் என்பதுவரை உன் வாய் வழியாகத்தான் எனக்கு வரும். இந்த வீட்டுக்கே நாக்கு நீதான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

யுத்தம் வந்து கொட்டை கிடைக்காமல் போனதே, அந்த அலங்கோலத்தை எழுதாமல் எப்படி விடுவது? ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கிக் கொட்டை கொண்டுவருகிறவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். நம் புளி மண்டியிலோ புளியங்கொட்டை மலையாகக் குவிந்து கிடந்தது. அதை வறுத்துக் காபிக்கொட்டையோடு பாதிக்குப் பாதி சேர்த்து அரைக்கலாம் என்று பெரியவருக்கு, உன் வீட்டுக்காரருக்குத்தான், யோசனை வந்தது. நீ வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாய். புளி வியாபாரி வீட்டில் புளியங்கொட்டைக்கு இல்லாத மரியாதையா? ஒரு கோடை முழுக்க அரைத்தோம். கல்லை அரைத்த மாதிரிதான், பல் மழுங்கிப் போய்க் கொட்டை உள்ளே வழுக்கிக்கொண்டு சுற்றியது.

அதற்கப்புறம் என் வீட்டுக்காரர், அதான் உன் கொழுந்தனார், பண்ணிய வேலை இருக்கிறதே. மழுங்கினால் கொத்த வேண்டியதுதானே என்று, தெருவில் அம்மி கொத்த வந்தவரிடம் பல்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அந்த மனிதர் பாவம், கருங்கல் என்று நினைத்தாரோ என்னவோ, உளியை வைத்து ஓங்கி இரண்டு போடு போட்டார். ஒரு முனை தெறித்துப் போய்விட்டது. நீ சிரித்தாய், உனக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாய். அந்த மூளிப் பல்லை வைத்துக்கொண்டுதான் நீ போகும்வரை காலம் தள்ளினோம்.

போன மார்கழியில் உனக்கு வந்தது சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லோரும் சொன்னோம். இப்போது அதை எழுத வேண்டாம், எனக்குச் சக்தி இல்லை.

நீ போன பிறகு பெரியவருக்குக் காபி கொண்டுபோய் வைக்கிற வேலை எனக்கு வந்தது. முன்பெல்லாம் நீ கொண்டுபோவாய், டம்ளரையும் நீயே எடுத்து வருவாய். இப்போது நான் கூடத்து நடைப்படியில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன், அவர் போனபிறகு டம்ளரை எடுக்கிறேன். முதல் நாள் எடுத்தபோது பாதி அப்படியே இருந்தது. துக்கத்தில் இறங்கவில்லை என்று நினைத்தேன். அடுத்த நாளும் பாதி. கருமாதி முடிந்து, தை பிறந்து, மாசியும் வந்துவிட்டது, தினமும் டம்ளர் பாதியோடுதான் திரும்புகிறது.

யாரிடம் போய்க் கேட்பேன்? உன் கொழுந்தனாரிடம் சொன்னால், அண்ணனிடம் அதையெல்லாம் எப்படிக் கேட்பது என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அண்ணனும் தம்பியும் புளி விலையைத் தவிர வேறு என்ன பேசியிருக்கிறார்கள்? உன் பெண் கமலாவைக் கேட்டுவரச் சொன்னேன். அவள் போய் அப்பா மடியில் உட்கார்ந்து வேறு கதை பேசிவிட்டு, நான் கேட்கச் சொன்னதை மறந்து திரும்பி வந்தாள்.

அப்புறம் என்ன, நானும் திருகுமாகக் கிடந்தோம். பொடி மோசம் என்றுதான் பாதி வைக்கிறார் என்று முடிவு கட்டினேன். உன்னை மாதிரியே இறுக்கினேன், மூளிப் பல் அடித்துக்கொண்டு தோளைப் பிடுங்கியது. பாதி வந்தது. தளர்த்தினேன், பாதி வந்தது. வறுப்பை மாற்றினேன், பாலை மாற்றினேன். டம்ளர் அடியில் வண்டல் இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்க்கிற பைத்தியக்காரியாகிவிட்டேன். விடியும்போதே அலுப்பாக இருக்கிறது அக்கா. அந்தக் கைப்பிடியைப் பார்த்தாலே கை வலிக்கிறது.

மாசிக் கடைசியில் ஒருநாள் உன் கொழுந்தனார் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"அண்ணன் ஓசூருக்கே போயிடறாராம். அண்ணியோட அண்ணன் அங்க கடை பாத்து வெச்சிருக்காராம். பாப்பாவையும் கூட்டிட்டுப் போறாராம்."

ஏன் என்று கேட்டேன். கேட்கவில்லை என்றார். குழம்பு ஊற்றச் சொன்னார்.

கமலாவைப் பெற்றது நீ. எனக்கு வயிறு திறக்கவில்லை என்று தெரிந்ததும், பிறந்த பதினாறாம் நாளே என் மடியில் போட்டு, உனக்கும்தான் இவள் என்றாய். அவளுக்குப் பல் முளைத்தபோதும் அம்மை வார்த்தபோதும் கூட இருந்தது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது எல்லாம் நான். என் பக்கத்தில் படுத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அவள் போய்விட்டால் எனக்கு இந்த வீட்டில் என்ன இருக்கிறது? ஒரு வாய் காபி சரியாகப் போடத் தெரியாததால் பிள்ளையைப் பறிகொடுக்கப் போகிறேன் என்று எனக்குள் அடித்துக்கொண்டேன். சிரிக்காதே. நான் அப்படித்தான் நம்பினேன்.

அந்த நேரத்தில்தான் புதுப் பல் வந்தது. தெய்வமாகப் பார்த்து அனுப்பியது என்று கும்பிட்டுவிட்டு மெஷினைக் கழற்றினேன். பழைய எண்ணெய்ப் பிசுக்கைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, புதுப் பல்லை மாட்டி, கொஞ்சம் அரிசியை அரைத்துக் கொட்டிவிட்டு, அப்புறம் கொட்டையைப் போட்டேன். என்ன சுகமாகச் சுற்றியது தெரியுமா? பொடி ரவைக்கும் மாவுக்கும் நடுவில், நீ விரலில் எடுத்துப் பார்த்திருந்தால் தலையை ஆட்டியிருப்பாய். டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கியது. தெருவில் போனவர்கூட என்ன வாசனை என்று கேட்டுவிட்டுப் போனார். கொண்டுபோய் வைத்தேன். கதவுக்குப் பின்னால் நின்றேன்.

அவர் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். பாதி இருந்தது.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூடத்துக்கு வந்து அவர் எதிரில் நின்றுவிட்டேன். அவர் பதறிப்போய் எழுந்து நின்றார். காபியில் என்ன குறை என்று கேட்டேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"காப்பில ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் இருக்குது. அது அவளுக்கு வெக்கிறது. கல்யாணம் ஆனதுலருந்து பாதி அவளுக்கு வெச்சுத்தான் பழக்கம். கை தானா நின்னுடுது."

அக்கா, எனக்கு இது தெரியவே தெரியாது. எனக்கு ஒரு டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்துவிட்டு, நீ குடி ருக்கு, நான் அப்புறம் குடித்துக்கொள்கிறேன் என்பாயே, நீ இரண்டாவது டிகாக்‌ஷனில் போட்டுக்கொள்கிறாய் என்று நான் நினைத்திருந்தேன். புருஷன் குடித்த டம்ளரில்தான் நீ குடித்தாயா? அதைப் பிரியம் என்று நினைத்து மனசு குளிர்வதா, அத்தனை பாடுபட்டுப் பல் பார்த்து மெஷின் வாங்கியவள் தனக்கென்று ஒரு டம்ளர் ஊற்றிக்கொள்ளாமலே போய்விட்டாளே என்று அழுவதா? எனக்கு இன்னும் விளங்கவில்லை. நீ இருந்தால் கேட்டிருப்பேன். கேட்டிருப்பேனா?

வாய் திறந்தது திறந்ததுதான் என்று, பாப்பாவை எதற்குக் கூட்டிப்போகிறீர்கள் என்றும் கேட்டேன். நாங்கள் இரண்டு பேரும் உனக்குப் பாரம்தானே, நீயும் ஒரு வார்த்தை இருங்கள் என்று சொல்லவில்லையே, மனசில் வேண்டாம் என்று இருக்கிறதாக்கும் என்று நினைத்தேன் என்றார்.

"பேசக் கூடாதுன்னுதானுங்க மாமா நான் பேசல. அவ எனக்குப் பாரமில்லீங்க. அவளக் கூட்டிட்டுப் போயிட்டா இந்த வூட்ல நான் எதுக்குங்க இருக்கோணும்?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சரிம்மா, இருக்கட்டும் என்றார். மண்டிக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலமே ஓசூருக்கு வரவில்லை என்று உன் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டதாக உன் கொழுந்தனார் வந்து சொன்னார், என்னமோ தானே பேசி முடித்த மாதிரி.

மறுநாள் காலையில் டம்ளரை எடுக்கப் போனேன். காலியாக இருந்தது. ஒரு சொட்டு இல்லை. பிள்ளை என்னிடம் தங்கிவிட்டாள், நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தக் காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நீ செத்த அன்று அழாத அழுகையெல்லாம் அழுதேன். என் முன்னால் சொல்லிவிட்ட கூச்சத்தில் அவர் கையை நிறுத்தாமல் முழுசாகக் குடித்துவிட்டார். உனக்கு அவர் வைத்துக்கொண்டிருந்த அந்தப் பாதியையும் நானே கேட்டு வாங்கிக் காலி பண்ணிவிட்டேன்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன் அக்கா, இதை மட்டும் நான் விடமாட்டேன். கமலா பெரியவளாகி எந்த வீட்டுக்குப் போனாலும், அவளுக்கென்று தனியாக ஒரு டம்ளர் சீரில் வைத்து அனுப்புவேன். எல்லோர் எதிரிலும் உட்கார்ந்து, சுடச்சுட, முழு டம்ளர் காபி அவள் குடிக்க வேண்டும். அவளுக்கு வேண்டியதை அவள் வாயாலேயே கேட்க வேண்டும். நேற்றிலிருந்தே பழக்க ஆரம்பித்துவிட்டேன், அரை டம்ளர் பாலில் கொஞ்சம் டிகாக்‌ஷன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நுரையில் மீசை வைத்துக்கொண்டு குடித்தாள், இன்னும் வேண்டும் என்றாள்.

உனக்கு ஓரகத்தியாக வந்து, உன் பிள்ளைக்கு அம்மாவாக நிற்கிற,
உன் தங்கை ருக்கு