அம்மாவின் சில்லுப் பூட்டிய அறை

எங்கே போனாலும் யன்னல் ஓரத்துச் சீற்றைப் பிடித்துவிடுகிற என் செல்ல அம்மாவுக்கு,

வாகனத்துக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற உங்கள் படுக்கை வண்டிலை வாங்க நேற்று ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். நல்ல மரியாதையான மனிசன். சில்லுகளைக் காலால் தட்டிப் பார்த்தார், குனிந்து அடிப்பக்கம் பார்த்தார், கதவை இரண்டு தரம் திறந்து மூடினார். எல்லாமே பிடித்துக்கொண்டது. பிறகு உள்ளே ஏறிப் படுக்கைக்கு மேலே கூரையில் இருக்கிற கொக்கியைக் கண்டார்.

“இது என்னத்துக்கு?”

தம்பி சுதன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

“பரவாயில்லை. அதை வெட்டி எடுத்திட்டு ஒரு டிவி பூட்டலாம்” என்றார் அவர்.

யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டோம். விற்பம் என்று முதலில் சொன்னது நான்தான் அம்மா. அன்புவழிபுரத்து வளவில் அது பூட்டியபடி வெயிலில் நிற்பதைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது. ஆனால் அந்தக் கொக்கியை வெட்டுவது என்றதும் மனம் மாறிவிட்டது. உங்களைக் கேட்காமல் எப்படி? அதுதான் இதை எழுதுகிறேன். பக்கத்தில் நின்று வாசிக்கிறவர்களுக்கும் அது என்ன கொக்கி என்று தெரியட்டும்.

உங்கள் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைத்தார்கள். ஒரு நாளைக்கு நான்கு தரம், வயிற்றில் இருக்கிற பழைய தண்ணீரைக் கீழே ஒரு பைக்குள் வடியவிட்டு, உயரத்தில் கொழுவிய பையில் இருந்து புது மருந்துத் தண்ணீரை உள்ளே இறக்கவேண்டும். வயிற்றுக்குள் இருக்கிற ஒரு சவ்வு சிறுநீரகத்தின் வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்று டொக்டர் சொன்னபோது நான் நம்பவில்லை. இன்றைக்கும் நினைத்தால் வியப்புத்தான். மனித உடம்புக்குள் இப்படி ஒரு மாற்று ஏற்பாடு யார் செய்துவைத்தது?

ஆனால் அந்த வேலை நடக்கிற அறையில் ஒரு துளி புழுதி கூடாது. யன்னல் சாத்தி, ஃபானை நிற்பாட்டி, வாயைக் கட்டி, சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவவேண்டும். வடிந்த தண்ணீர் தெளிவாக இருந்தால் நல்லது. கலங்கியிருந்தால் உள்ளே கிருமி போய்விட்டது, உடனே ஆஸ்பத்திரி. அதைப் பார்க்கப் பைக்குக் கீழே ஏதாவது அச்சடித்த தாளை வைத்து எழுத்துத் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லித்தந்தார்கள். நீங்கள் பேப்பரில் மரண அறிவித்தல் பக்கத்தைத்தான் தேடி எடுப்பீர்கள். எழுத்தும் சின்னன், என்ர பெயர் வந்திருக்கா என்றும் பார்க்கலாம் என்று எங்களைக் கடுப்பேற்றுவீர்கள்.

தம்பலகாமத்துக் கடைக்கு வேலைக்கு என்று வருசக்கணக்காக பஸ்ஸில் போய்வந்த மனுசி நீங்கள். கடைசியில் ஒரு அறைக்குள் அடங்கிப்போனீர்கள். கலியாணவீட்டுக்கு வரச்சொல்லி யாரும் கேட்டால், அடுத்த பைக்கு வீட்டுக்கு வந்துவிட வேணுமே என்று மணிக்கூட்டைப் பார்ப்பீர்கள். வெளியே ஒரு இரவு தங்கிய கதையே இல்லை.

பிறகு ஒருநாள் கிளினிக்கில், என்னைக் கேட்காமல், நேர்ஸைக் கேட்டீர்கள்.

“மிஸ்ஸி, ஒரே ஒரு நாள் வேற இடத்தில படுத்து எழும்ப ஏலாதா?”

“ஏன் ஏலாது அம்மா? சுத்தமான அறை ஒண்டு இருந்தா எங்கயும் போகலாம். புழுதிதான் கூடாது.”

“எங்கட சனத்தின்ர வீடுகளில அப்பிடி அறைக்கு எங்க போறது?” என்று கொஞ்சம் யோசித்தீர்கள். “அப்ப நாங்கள் அறையைக் கொண்டு போவம்.”

நேர்ஸ் சிரித்தார். நானும் சிரித்தேன். சுதன் சிரிக்கவில்லை. அன்று பின்னேரமே தன்னுடைய பழைய டபுள்கப் வாகனத்தின் பின்பக்கம் ட்ரெயிலர் கொழுவ இடம் இருக்கிறதா என்று படுத்துக்கிடந்து பார்த்தான்.

வண்டில் தெரிவுசெய்யப் போன கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. முதலில் பார்த்தது முட்டை மாதிரி உருண்டையாக, வெள்ளை வெளேரென்று, படத்தில் வருகிற மாதிரி இருந்தது. எனக்கு அதில் கண். விற்கிறவர் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து காட்டுகிறார், வெளிச்சங்களைப் போட்டுக் காட்டுகிறார். நீங்கள் ஒன்றையும் பார்க்காமல் உள்ளே போய் இருந்து, வலது கையை மேலே தூக்கினீர்கள். கை கூரையில் முட்டியது. இறங்கி வந்துவிட்டீர்கள். இரண்டாவதில் கூடாரம் கூரைக்கு மேலே, ஏணியில் ஏறவேண்டும். அதற்கு நீங்கள் கையைக்கூடத் தூக்கவில்லை.

மூன்றாவது உப்புவெளிப் பக்கம் வெளிநாட்டுக்காரருக்கு அறை வாடகைக்கு விடுகிற ஒருவரின் வளவில் நின்றது. சதுரப் பெட்டி, வடிவென்று சொல்ல ஏலாது, பச்சை நிறம் வெளிறிப்போயிருந்தது. காட்டுப் பாதைக்கென்று செய்ததால் உயரமான சில்லு. உள்ளே போய் இருந்து கையைத் தூக்கினீர்கள். கை முழுதாக நிமிர்ந்தது. விரல்களையும் விரித்துப் பார்த்தீர்கள்.

“என்னம்மா செய்யிறீங்கள்?” என்று அந்த மனிசன் கேட்டார்.

“பை தொங்க இடம் பாத்தனான் தம்பி” என்றீர்கள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அதன் பிறகு சுதனுக்கு விசர் பிடித்தமாதிரித்தான். பின்பக்கம் இழுத்துத் திறந்து சமைக்கிற குசினியைக் கழற்றி எறிந்தான். அந்த இடத்தில் மருந்துப் பைகளின் பெட்டிகள் அடுக்க அலுமாரி வந்தது. குலுக்கம் குறையவேண்டும் என்று அடியில் இருந்த வில்லுத் தகடுகளில் ஒன்றை எடுத்தான். நீங்கள் ஏறுவதற்கு அகலமான படி ஒன்று ஒட்டினான். கை கழுவும் இடத்தில் ஆஸ்பத்திரியில் இருக்கிற மாதிரி முழங்கையால் தட்டித் திறக்கிற குழாய். கடைசியாக, நீங்கள் படுக்கையில் இருந்து கையைத் தூக்க, விரல் நுனிக்கு நேரே கூரையில் அடையாளம் வைத்து அந்தக் கொக்கியை முறுக்கினான்.

மிச்சம் இருந்தது புழுதி. அதைப் பார்க்கிற வழியை நீங்கள்தான் சொன்னீர்கள். உங்கள் வெள்ளைப் படுக்கை விரிப்பை உள்ளே விரித்து, ஆள் இல்லாமல் தம்பலகாமத்துக் குளக்கட்டுச் செம்மண் கிரவல் றோட்டில் இழுத்துக்கொண்டு போய்வந்து திறந்து பார்ப்பது. முதல் தரம் விரிப்பு செங்கல் நிறமாக வந்தது. சுதன் கதவுக்கு இறப்பர் பட்டி ஒட்டினான். அடுத்த தரமும் அதே நிறம். பிறகு கண்ணில் பட்ட ஓட்டை எல்லாவற்றையும் பசை வைத்து அடைத்தான். அதற்குப் பிறகும் தலையணை ஓரத்தில் புழுதி கோடு போட்டிருந்தது. அடைக்க அடைக்க எங்கேயோ ஒரு கீறலால் உள்ளே வந்துகொண்டேயிருந்தது. சுதன் ஒரு கிழமை அதன் பக்கமே போகவில்லை. நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் கேட்காமல் இருந்ததுதான் எங்களுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

பிறகு நடந்தது எனக்கு வாய்த்த மறதி. கூரையின் முன்பக்கத்தில் காற்றுக்கென்று இருந்த மூடியை மூடுவது என் பொறுப்பு. அடுத்த தரம் விரிப்பை விரித்து இழுத்துப் போன அன்றைக்கு மறந்துபோனேன். போய்த் திரும்பி வந்து பார்த்தால் மூடி வானத்தைப் பார்த்துத் திறந்தபடி நிற்கிறது.

“உனக்குக் கண் எங்க அக்கா? ஊரில இருக்கிற புழுதி முழுக்க உள்ளதான்” என்று சுதன் கத்தினான். நானும் விடவில்லை. கதவடியில் நின்று சண்டைபிடித்தோம். நீங்கள் எங்களை விலக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தீர்கள்.

விரிப்பு வெள்ளையாக இருந்தது அம்மா. விரித்தபோது எப்படி இருந்ததோ, அப்படி.

நான் தொட்டுப் பார்த்தேன், கையில் ஒன்றும் ஒட்டவில்லை. எல்லா ஓட்டையையும் அடைத்தபோது வந்த புழுதி, பெரிய வாசலைத் திறந்துவிட்டபோது வரவில்லை. சுதன் தலையைச் சொறிந்தான். நீங்கள்தான் சொன்னீர்கள்: “மேலால நல்ல காத்து வந்து நிறைஞ்சிட்டுது. ஆள் நிறைஞ்ச பஸ்ஸில பின்கதவால ஏற ஏலுமே?”

அதேதான். சில்லுகள் கிளப்புகிற புழுதி பின்னால் தாழத்தான் எழும்புகிறது. உயரத்தில், முன்னால், காற்று சுத்தம். அது உள்ளே புகுந்து கீறல்களால் வெளியே தள்ளிக்கொண்டு போகும்போது புழுதிக்கு நுழைய இடமில்லை. அந்த வாசலில் சுதன் லொறிக்குப் போடுகிற வடிகட்டி ஒன்றைப் பொருத்தினான். அன்றிரவு நான் சாப்பிடும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

போகிற இடம் இலங்கைத்துறை என்று நீங்கள் முன்பே தீர்மானித்திருந்தீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, “பேர் கேள்விப்பட்டிருக்கிறன், போனதில்லை” என்றீர்கள். அதைவிட வேறு காரணம் தேவையா? கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் சுதனை மெதுவாகப் போகச் சொன்னீர்கள். தூரத்தில் கப்பல்கள் அசையாமல் நின்றன. பிறந்ததில் இருந்து பார்த்த துறைமுகத்தை, கண்ணாடியை இறக்கிவிட்டு, புதிதாக வந்தவர்போலப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் நிற்பாட்டலாமா என்று கேட்டோம். “நிப்பாட்டுங்கோ, ஆர் வேண்டாமெண்டது?” என்று ஒரு அக்கா படகை நகர்த்தி இடம் தந்தார்.

அடுத்த நாள் காலையை நான் என்ன சொல்லி எழுதுவது? யன்னல் சாத்தியிருந்தது. கண்ணாடிக்கு அங்கால் கடல். வாய் கட்டி, கை கழுவி, பையைக் கொக்கியில் கொழுவிவிட்டு இருந்தீர்கள். பழைய தண்ணீர் கீழே வடிந்துகொண்டிருந்தது. கலங்கியிருந்தால் அந்தப் பயணத்துக்கு உங்களைக் கூட்டிவந்த பிழை என்னுடையது. அங்கேயிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. எழுத்துப் பார்க்கப் பேப்பரை எடுத்துவர மறந்திருந்தோம். நீங்கள் வடிந்த பையைத் தூக்கி, பிஸ்கட் பெட்டியை அதன் பின்னால் பிடித்தீர்கள்.

“எழுத்துத் தெரியுது பிள்ளை.”

அந்த நேரம்தான் சூரியன் கடலுக்கு மேலே வந்தது. வெளிச்சம் யன்னலால் வந்து உங்கள் கையில் இருந்த பைக்குள் விழுந்து, கூரை முழுவதும் அலை அலையாக ஆடியது. உங்கள் உடம்பில் இருந்து வந்த தண்ணீர் அது. நீங்கள் அண்ணாந்து பார்த்தீர்கள். நானும் பார்த்தேன். சுதன் வெளியே நின்று கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தான். நீங்கள் கையைக் கூப்பினீர்கள். கடலையா, சூரியனையா, அந்தப் பையையா என்று நான் கேட்கவில்லை.

“வேற இடத்தில கண்முழிச்சிருக்கிறன்” என்று மட்டும் சொன்னீர்கள்.

திரும்பி வந்த பிறகும் நாள்தோறும் பயந்து பயந்துதான் பார்த்தோம். ஒவ்வொரு பையும் தெளிவு. அடுத்த பயணத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, உங்கள் சொந்தக் கட்டிலில், நித்திரையிலேயே இதயம் நின்றது. கிருமியும் இல்லை, புழுதியும் இல்லை. டொக்டர் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அது எனக்கு ஆறுதல்தான், ஆனால் போதுமா?

இவ்வளவும் எழுதிவிட்டுத் தாளை மடித்து வைத்துவிட்டேன் அம்மா. ஒரு கிழமைக்குப் பிறகு இப்போது தொடர்கிறேன். சொல்ல ஒரு சங்கதி இருக்கிறது.

மிஞ்சிய பைகளைக் கிளினிக்கில் திருப்பிக் கொடுக்கப் போன நாளில் கிண்ணியாவில் இருந்து வந்த பரீதா என்ற பெண்ணைச் சந்தித்திருந்தேன். அவளுடைய உம்மாவுக்கும் இதே குழாய், இதே பை. அந்த மனிசன் டிவி பூட்டலாம் என்று சொல்லிப்போனதில் இருந்து எனக்கு அவள் ஞாபகமாகவே இருந்தது. போன் எடுத்தேன்.

“மூதூரில தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திருக்கு அக்கா. உம்மா இன்னும் போய்ப் பாக்கல்ல. தங்கச்சிட வீடு அரைவாசிதான் கட்டியிருக்கு, பூச்சு இல்ல, ஒரே மண். அங்க எப்பிடி பை மாத்துற?”

“அறையை நாங்கள் கொண்டு வாறம்” என்றேன். என் வாயில் இருந்து உங்கள் கதைதான் வந்தது.

சுதன் சில்லுக்குக் காற்றடித்தான். நான் உங்கள் வெள்ளை விரிப்பைத் தோய்த்து விரித்தேன். கிண்ணியாவில் பரீதாவையும் உம்மாவையும் ஏற்றிக்கொண்டோம். மூதூரில் அந்த வீட்டுக்குப் போகிற ஒழுங்கை முழுவதும் கிரவல். நிற்பாட்டியதும் உம்மா முதலில் விரிப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு படுக்கையில் இருந்து, நாங்கள் ஒன்றும் சொல்லாமலே, கையைத் தூக்கினார். உங்களைவிடக் கட்டையான மனுசி. கொக்கி கொஞ்சம் எட்டவில்லை. சுதன் ஒரு சங்கிலித் துண்டு போட்டுத் தாழ்த்திக் கொடுத்தான். கொக்கியைக் கழற்றவில்லை. வண்டிலை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினோம்.

இன்று காலை பரீதா போன் எடுத்தாள்.

“அக்கா, உம்மா சொல்லச் சொன்னா. எழுத்துத் தெரியுதாம்.”

“என்னத்தை வைச்சுப் பாத்தவ?”

“பிள்ளைட பவுடர் டின்ன.”

போனை வைத்துவிட்டு வளவில் வண்டில் நின்ற இடத்தைப் போய்ப் பார்த்தேன். சில்லுத் தடம் மட்டும் இருந்தது. இதுவரை இப்படி ஒரு வெறும் இடத்தைப் பார்த்து நான் சந்தோசப்பட்டதில்லை.

வாங்க வந்தவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டோம் அம்மா. அந்தக் கொக்கியில் யாரும் அறுக்கிற வாள் வைக்க விடமாட்டேன், இது உங்களுக்குத் தருகிற வாக்கு. கேட்கிற வீட்டுக்கெல்லாம் உங்கள் அறை போகும். போகும்போது முன்மூடி திறந்தே இருக்கும்.

இப்படிக்கு,
மூடியை மூட மறந்த உங்கள் மூத்த மகள்